பெர்னினாவும் ஊட்டியும் – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெறும் என் தந்தையையும் தாயாரையும் ஒருமுறை சுவிட்சர்லாந்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று சில காலமாகப் பணம் சேர்த்து வருகிறேன். ‘உலகின் அழகான ரயில் பயணங்கள்’ என்று வரும் பட்டியல்களில் பெர்னினா எக்ஸ்பிரஸ் தவறாமல் இடம்பெறுவதால், அதை மையமாக வைத்தே பயணத்தைத் திட்டமிட்டிருக்கிறேன். என் நண்பர் ஒருவரோ, “நம்ம ஊட்டி ரயிலில் இல்லாத எதைப் பார்க்க அவ்வளவு தூரம் போகிறாய்?” என்று கேலி செய்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? கண்ணாடிக் கூரை போட்ட பெட்டிக்காகத் தனிக் கட்டணம் கொடுப்பது தேவைதானா?

கார்த்திகேயன், ஈரோடு

அன்புள்ள கார்த்திகேயன்,

நண்பர் கேலியாகக் கேட்டிருந்தாலும் அந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது. ஊட்டி ரயிலுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் உள்ள உறவு அவர் நினைப்பதைவிட நெருக்கமானது. மேட்டுப்பாளையத்தில் தொடங்கி 1899இல் குன்னூரையும் 1908இல் ஊட்டியையும் எட்டிய அந்தப் பாதையில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில் பதித்திருக்கும் பல் சட்டம், ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வகுத்த முறையைச் சேர்ந்தது. அதன்மேல் நெடுங்காலம் ஏறி இறங்கிய நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தவை. தண்டவாளத்தின் அகலம்கூட இரண்டு இடங்களிலும் ஒன்றுதான், ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ்.

அப்படியானால், சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸிலிருந்து ஆல்ப்ஸைக் கடந்து இத்தாலியின் திரானோவுக்கு இறங்கும் பெர்னினா பாதையில் புதிதாக என்ன இருக்கிறது? அங்கே பல் சட்டம் கிடையாது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருளும்போது தடையும் குறைவு, பிடிமானமும் குறைவு. தடை குறைவாக இருப்பது சமவெளியில் ரயிலுக்கு வேகம் தருகிறது என்றாலும், மலையேற்றத்தில் பிடிமானக் குறைவு சக்கரத்தை வழுக்க வைக்கிறது. ஊட்டிப் பாதையில் பன்னிரண்டு மீட்டர் சொச்சத்துக்கு ஒரு மீட்டர் ஏற்றம் வருவதால், இன்ஜினின் பல்சக்கரம் சட்டத்தைக் கவ்விக்கொண்டு ஏற வேண்டியிருக்கிறது. பெர்னினாவை அமைத்தவர்கள், 1910இல் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டபோதே மின்சாரத்தை நம்பினார்கள். பதினான்கு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற ஏற்றத்துக்கு மேல் போவதில்லை என்று வரையறுத்துக்கொண்டு, அந்த வரம்பை மீறாமலிருக்க வேண்டிய இடங்களிலெல்லாம் பாதையை வளைத்து வளைத்துக் கொண்டுபோனார்கள். நாம் ஜன்னல் வழியே பார்த்து வியக்கும் காட்சிகளில் பாதி இந்த வளைவுகள் தருபவைதான்.

புரூசியோ என்ற ஊரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பள்ளத்தாக்கு சட்டென்று தாழும் அந்த இடத்தில், ஒன்பது வளைவுகள் கொண்ட ஒரு கல் பாலத்தை வட்டமாகக் கட்டி, அதன்மேல் சுற்றி இறங்கும் ரயில் அதன் வளைவு ஒன்றின் அடியிலேயே நுழைந்து வெளியேறும்படி செய்திருக்கிறார்கள். பின்பெட்டியில் இருப்பவர் தம் ரயிலின் முன்பெட்டிகள் எதிர்ப்புறத்தில் தமக்குக் கீழே ஓடுவதைப் பார்ப்பார். பட்டியல் போடுகிறவர்கள் பனிச்சிகரங்களை மட்டும் எண்ணுகிறார்கள். மலை ரயிலில் முதலில் பார்க்க வேண்டியது, பாதை மலையை எப்படிச் சமாளித்தது என்பதைத்தான் என்பது என் கட்சி. 2016இல் திறக்கப்பட்ட 57 கிலோமீட்டர் கோட்ஹார்டு சுரங்கத்தின் வழியாக அதே ஆல்ப்ஸ் மலைத்தொடரை இருபது நிமிடத்தில் கடந்துவிடலாம், இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது.

நண்பரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். பெர்னினா பாதையின் உச்சியான ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையத்தின் உயரம் 2253 மீட்டர். ஊட்டி நிலையமும் ஏறத்தாழ 2200 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் நம் உச்சியில் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. அங்கே அதே உயரத்தில் மரமே இல்லாமல் பாறையும் பனியாற்று நீரும்தான் கிடக்கின்றன. உச்சியில் அருகருகே இரண்டு ஏரிகள் உண்டு. கருப்பு ஏரி என்று பெயர் பெற்றதன் நீர் இன் ஆற்றில் கலந்து, டான்யூப் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது. பனியாறு அரைத்துக் கொண்டுவரும் பாறைத்தூளால் வெளுத்திருக்கும் மற்ற ஏரியான லாகோ பியாங்கோவின் (வெள்ளை ஏரி) நீர் தெற்கே இறங்கி, போ ஆற்றின் வழியாக அட்ரியாட்டிக் கடலைச் சேர்கிறது. அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ரயில் 1800 மீட்டருக்கு மேல் இறங்கி, இத்தாலியின் திரானோவில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, தெருவில் டிராம் போல ஓடி, ஒரு பெரிய தேவாலயத்தின் வாசலைக் கடந்து போய் நிற்கிறது. பனியிலிருந்து திராட்சைக்கு ஒரே பயணத்தில் இறங்குவதை ஊட்டி ரயிலால் தர முடியாது. மறுபுறம், கல்லாறின் பாக்குத் தோப்பில் தொடங்கி மழைக்காட்டுக்குள் புகுந்து தேயிலையில் வெளிப்படுவதை பெர்னினாவால் தர முடியாது.

கண்ணாடிக் கூரைப் பெட்டி தேவையில்லை என்பதே என் எண்ணம். அதே தண்டவாளத்தில், பகலில் ஏறத்தாழ மணிக்கு ஒன்று வீதம் சாதாரண உள்ளூர் ரயில்கள் ஓடுகின்றன. அவற்றில் முன்பதிவு வேண்டியதில்லை, சில பெட்டிகளில் ஜன்னலை இறக்கிக்கொள்ளவும் முடியும். பெர்னினா எக்ஸ்பிரஸின் பெரிய கண்ணாடி திறக்காது. படம் எடுத்தால் கண்ணாடியில் பிரதிபலிக்கும் எதிரில் இருப்பவரின் சட்டைதான் பாதி விழும். அதைவிட முக்கியம், உள்ளூர் ரயிலில் வந்தால் ஆல்ப் கிரூமில் இறங்கலாம். சாலையே எட்டாத அந்த நிலையத்துக்கு ரயிலிலோ கால்நடையாகவோதான் போக முடியும். வயதானவர்களை அங்கே ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, எதிரே பாலூ பனியாற்றைக் காட்டி, காபி வாங்கிக் கொடுத்து, அடுத்த வண்டியில் கிளம்பலாம். செயின்ட் மோரிட்ஸிலிருந்து வருவதானால் வலதுபக்க இருக்கையைப் பிடியுங்கள். மோர்டராட்ச் பனியாறும் ஏரியும் அந்தப் பக்கம்தான்.

செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் இலங்கையின் மலைநாட்டு ரயில் பாதை இருக்கிறது. காப்பியை மலையிலிருந்து இறக்கத் தொடங்கிய அந்தப் பாதை, காப்பிச் செடிகள் நோயில் அழிந்த பிறகு தேயிலைக்காக மேலே ஏறி, 1924இல் பதுளையை அடைந்தது. தெமோதரையில் தண்டவாளம் குன்றைச் சுற்றி இறங்கி, தன் நிலையத்துக்கே அடியில் சுரங்கமாக நுழைகிறது. புரூசியோவில் வெளியில் கட்டியதை இங்கே மண்ணுக்குள் குடைந்திருக்கிறார்கள். ஜன்னலில் விரியும் அந்தத் தேயிலைப் பச்சை, தமிழகத்திலிருந்து போனவர்களின் தலைமுறைகள் லயன் அறைகள் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்து வளர்த்தது என்பது பயணக் கட்டுரைகளில் அநேகமாக வருவதில்லை. உங்கள் பெற்றோருக்கு அதைச் சொல்லிக் காட்டுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, பெர்னினாவுக்கு அக்டோபர் தொடக்கம் நல்லது. லார்ச் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கும், ஏரி இன்னும் உறைந்திருக்காது. ஊட்டி ரயிலை மட்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம்பி எதையும் திட்டமிட வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கு மேலே மண் சரிந்து சேவை ரத்தாவது அடிக்கடி நடப்பது. அதை பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வைத்துக்கொண்டு, முடிந்தால் சுவிட்சர்லாந்து கிளம்பும் முன்பே பெற்றோரையும் அந்த நண்பரையும் ஒருமுறை ஏற்றி அழைத்துப் போங்கள். இன்ஜின் பின்னாலிருந்து தள்ள, ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்க, கல்லாறைத் தாண்டியதும் பல்சக்கரம் சட்டத்தில் விழும் சத்தத்தை அவர்கள் முதலில் கேட்கட்டும்.

அன்புடன்.