பல வேலைகள் ஒன்றையொன்று தாங்குமா?
எழுத்து, விளம்பரம், காணொளி என மூன்றையும் ஒன்றுக்கொன்று உதவும்படி அமைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். எஸ்.எஸ்.வாசனைப் பாருங்கள். விளம்பரத் தொழிலில் இருந்தவர், 1928-இல் ஆனந்த விகடனை வாங்கினார். அதில் அவர் தொடராக எழுதிய 'சதி லீலாவதி' 1936-இல் படமானது (எம்.ஜி.ஆரின் முதல் படம்). பிறகு சொந்தமாக ஜெமினி ஸ்டுடியோ. 1948-இல் 'சந்திரலேகா'வை இந்தியிலும் வெளியிட்டபோது, நாடு முழுக்கப் பிரமாண்டமாக விளம்பரம் செய்தார். பழைய தொழில் அங்கே கைகொடுத்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, எந்த வேலையின் பலனும் அதோடு முடங்கவில்லை என்பதுதான். புதிய வேலையை ஏற்குமுன், கையிலிருக்கும் வாசகர்களோ சரக்கோ திறமையோ அதற்குப் பயன்படுமா என்று யோசியுங்கள். எதுவுமே பயன்படாதென்றால், வருமானத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.