சிறுநீர் அறிக்கையில் 'நூல்' என்றால் பூஞ்சையா?

தண்டையார்பேட்டை வாசகி ஒருவரின் கேள்வி: நீர்க்கடுப்பு என்று என் தாயாருக்கு மருந்துக்கடையில் செஃபிக்ஸிம் என்னும் பாக்டீரியா எதிர்ப்பு மருந்தில் இரண்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் எடுத்த சிறுநீர் அறிக்கையில் 'நூல்போல் நீண்ட பாக்டீரியா' என்று வந்திருக்கிறது. கடைக்காரர் அதைப் பூஞ்சை என்று சொல்லி வேறு மாத்திரை தருகிறார். கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம், அம்மா. அது பெரும்பாலும் ஈ. கோலை என்னும் வழக்கமான பாக்டீரியக் கிருமியாகத்தான் இருக்கும். நீங்கள் கொடுத்த மாத்திரையே அதை நூலாக்கியிருக்கக்கூடும்.

சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளமே உள்ள அக்கிருமிக்குள் புரத இழைகளாலான ஒரு சட்டகம் உண்டு. எம்ஆர்இ-பி என்னும் புரதம் பக்கச்சுவர் நீள வழிகாட்டுகிறது. எஃப்டிஎஸ்-இசட் என்னும் புரதம் நடுவில் வளையமாகக் கூடி, குறுக்குச்சுவர் எழுப்பும் நொதிகளை அங்கே வரவழைக்கிறது. சுருக்குப்பையின் நாடாவைப்போல் அவ்வளையமே இழுத்துக் கிருமியை இரண்டாக்குகிறது என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். வளையத்தின் இழைகள் ஓடிக்கொண்டே சுவர்வேலையை நடத்துவது பிறகுதான் தெரிந்தது. செஃபிக்ஸிம் அந்தக் குறுக்குச்சுவர் நொதியை முடக்குகிறது. வளையம் கூடியிருந்தும் தடுப்புச்சுவர் எழாது, பக்கச்சுவரோ நீண்டுகொண்டே போகும்; ஆகவே பிழிந்தும் கிள்ளாமல் விட்ட முறுக்கு மாவைப்போல் கிருமி நீள்கிறது.

மருந்து அரைகுறையாக நின்றுபோனால், பிழைத்த நூல்கள் மீண்டும் துண்டுபட்டுப் பெருகக்கூடும். செஃபிக்ஸிம் போன்றவற்றை மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கக்கூடாது, சீட்டின்பேரில் விற்பதையும் பதிவேட்டில் எழுதவேண்டும் என்ற மருந்து விதிகளின் எச்1 பட்டியல் 2014 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனாலும் அட்டையைக் கத்தரித்து இரண்டிரண்டாகக் கொடுப்பது நிற்கவில்லை, கேட்பாருமில்லை. வீட்டுக்கு வந்து மாதிரி வாங்கிப்போகும் தரகர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள்: வெயிலில் வண்டிப்பெட்டியில் மணிக்கணக்கில் கிடந்த சிறுநீரில் கிருமிகளின் எண்ணிக்கை பெருகிவிடும், முடிவும் பொய்க்கும்.

ஒரு விலக்கு மட்டும் உண்டு. தாயாருக்குச் சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லை, அல்லது நாள்பட்ட சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறது என்றால், கேண்டிடா என்னும் பூஞ்சை உண்மையிலேயே இருக்கலாம். அதன் செல்கள் பாக்டீரியாவைவிடப் பலமடங்கு தடிமனானவை, பக்கத்தில் மொட்டுவிட்டிருக்கும். நுண்ணோக்கியில் பார்க்கக் கிருமிகளுக்கு ஏற்றும் 'கிராம்' என்னும் சாயத்தில் கருநீலமாகத் தெரியும், ஈ. கோலையோ இளஞ்சிவப்பாக இருக்கும். சர்க்கரை நோய் இருந்தாலே பூஞ்சை என்று இதற்குப் பொருளில்லை; குழாயில் படிந்த பூஞ்சைக்கும்கூட எப்போதும் மருந்து தேவைப்படுவதில்லை. சாயமிட்ட கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் பார்த்தவர்தான் இதைச் சொல்லவேண்டும், கல்லாவில் இருப்பவர் அல்ல.

நாளைக் காலை மருத்துவரிடம் அறிக்கையையும் மாத்திரை அட்டையையும் சேர்த்துக் காட்டுங்கள். மறுபடி மாதிரி கேட்டால், முதலில் வருவதை விட்டு நடுப்பகுதிச் சிறுநீரைச் சுத்தமான குப்பியில் பிடித்து, 2 மணி நேரத்துக்குள் நீங்களே ஆய்வகத்தில் சேர்த்து, எந்த மாத்திரை எத்தனை போட்டார் என்று படிவத்தில் எழுதிக்கொடுங்கள். குளிர்காய்ச்சலோ விலாப்புற வலியோ கண்டால் காலைவரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.