சாட்சியை நம்பாத இன்ஸ்பெக்டர்

அன்புள்ள ஐயா,

டப்பிங்கில் ஓர் ஆங்கிலப் போலீஸ் தொடர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சென்ற வார எபிசோடில், இன்ஸ்பெக்டரை வேலையில் வளர்த்துவிட்ட மேலதிகாரியின் மகன்மீது கொலைப் புகார். இன்ஸ்பெக்டர் லஞ்சம் வாங்கவில்லை, எதையும் அழிக்கவில்லை. அவனைப் பார்த்ததாகச் சொல்லும் கடைக்காரப் பெண்ணை நம்பவில்லை, அவ்வளவுதான். கடைசியில் உண்மை தெரிந்து ராஜினாமா செய்கிறார். நன்றியோடு இருப்பது குற்றமா? ராஜினாமா அதிகம் என்கிறேன் நான். போதாது என்கிறார் என் மனைவி.

எஸ்., அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள எஸ்.,

நானும் அந்த எபிசோடைப் பார்த்தேன். உங்கள் மனைவி கட்சிதான் நான். பையனின் பெயர் அடிபட்ட அன்றே, 'எனக்கு வேண்டப்பட்ட குடும்பம், வழக்கை வேறு ஆளிடம் கொடுங்கள்' என்று மேலே எழுதிக் கொடுத்திருக்கலாம். நாம் நடுநிலையாக இருந்துவிடுவோம் என்று அவருக்குத் தன்மேல் அவ்வளவு நம்பிக்கை! ராஜினாமா காட்சியில் வயலின் வாசித்து அழவைத்தார்களே, அந்தக் கடைக்காரப் பெண் என்ன ஆனாள் என்று காட்டினார்களா?

இதே கதையை ஏற்காட்டில் வைத்து யோசித்தேன். ஒண்டிக்கடையில் நின்று டீ குடித்தால் பாதி ஊரைப் பார்த்துவிடலாம், அவ்வளவு சின்ன இடம். காபிப் பழம் பறிக்கும் ஒரு பெண், முதலாளி மகன் ராத்திரி ஜீப்பில் போனதைப் பார்த்தேன் என்று ஸ்டேஷனில் சொல்கிறாள். தொடரில் எல்லாமே டேப்பில் பதிவாகிறது. இங்கே பதிவு செய்யலாம், ஆனால் பெரும்பாலான வழக்குகளில் கட்டாயமில்லை. அவள் சொல்வதைப் போலீஸ்காரர் எழுதிக்கொள்வார். அதில் அவள் கையெழுத்து வாங்கவும் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 162-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 181. போலீஸ் எழுதிக்கொண்டதற்குக் கோர்ட்டில் அளவுக்கு மீறிய மதிப்பு வந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கைதான், நல்லதுதான்.

ஆனால் எழுதுகிறவர் முதலாளி வீட்டுக்கு வேண்டியவர் என்றால்? 'முதலாளி மகன் ஜீப்பில் போனார்' என்பது 'ஒரு ஜீப் போனது' என்று ஆகிவிடும். கேட்டால், அவள் தடுமாறிச் சொன்னாள், நிச்சயமானதை மட்டும் எழுதினேன் என்பார். மனதார அப்படியே நம்பவும் செய்வார். அப்புறம் வழக்கு சேலம் கோர்ட்டுக்கு வரும்போது அவள் முதலாளி மகனின் பெயரைச் சொல்வாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, 'போலீசில் இதைச் சொல்லவே இல்லையே, இப்போது யார் சொல்லிக் கொடுத்தது?' என்பார். முக்கியமான விஷயத்தைச் சொல்லாமல் விட்டதும் முரண்பாடாகலாம் என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. பொய்க்காரி என்ற பெயர் அவளுக்கு.

மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்க வைக்கலாமே என்பீர்கள். பழைய 164, இப்போது 183. சரி, அதற்கு மனுப் போடுபவர் யார்? வழக்கமாக அதே விசாரணை அதிகாரி! புகார் கொடுத்த அதிகாரியே விசாரித்தால் விசாரணையே செல்லாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு போதைப்பொருள் வழக்கில் சொன்னது. 2020-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, சார்பு இருந்ததா என்பதை வழக்குக்கு வழக்குதான் பார்க்க வேண்டும் என்றது. குற்றம்சாட்டப்பட்டவருக்கு அதைக் கிளப்ப வக்கீல் இருக்கிறார். தோட்டத்துப் பெண்ணுக்கு யார்?

ராஜினாமாவைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த இன்ஸ்பெக்டர் சீருடையோடு சாட்சிக் கூண்டில் ஏறி, 'அந்தப் பெண் அன்றைக்கே சொன்னாள், நம்பாமல் விட்டவன் நான்' என்று சொல்லியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேன். உங்கள் மனைவிக்கு இது போதுமா என்று கேட்டு எழுதுங்கள்.