சுடச்சுடக் குறையாத பன்றிகள்: டெக்சாஸ் மான் வேட்டை நிலத்துக்கு என்ன வழி?

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஆஸ்டினுக்கும் ஹூஸ்டனுக்கும் நடுவில் 140 ஏக்கர் வாங்கினோம். ஓக் மரங்கள், ஒரு ஓடை, கொஞ்சம் மேய்ச்சல் நிலம். மான் வேட்டைக்கு ஒரு குழுவுக்கு லீசுக்கு விட்டிருக்கிறோம். முதல் வருடம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்த காட்டுப்பன்றி இப்போது கூட்டம் கூட்டமாக வருகிறது. லீஸ்காரர்கள் போன வருடம் 14 சுட்டார்கள், ஒரு குறைவும் தெரியவில்லை. பெட்டிக் கூண்டு ஒன்று வாங்கி வைத்தோம். இரண்டு குட்டி மாட்டின, அதற்கப்புறம் அந்தப் பக்கமே எதுவும் வரவில்லை. மானுக்குத் தீனி போடுகிற ஃபீடரில் கொட்டும் சோளம் முழுக்கப் பன்றிக்குத்தான் போகிறது. என்ன செய்யலாம்?

பதில்:

முதல் வேலை, பன்றிக் கூட்டத்தைப் பார்த்துச் சுடுவதை உடனே நிறுத்துங்கள். தொல்லை தாங்காமல்தானே கேட்கிறோம், இந்த ஆள் சுடாதே என்கிறாரே என்று தோன்றும். கூட்டத்தை ஒழித்துக்கட்டத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

உங்கள் 14-ஐக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த வட்டாரத்தில் 30 பன்றி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை ஏறாமல் நிறுத்தி வைக்கவே (குறைக்க அல்ல) வருடத்துக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை எடுத்தாக வேண்டும் என்பது டெக்சாஸ் ஆய்வாளர்களின் கணக்கு, அதாவது 20. நீங்கள் எடுத்தது 14. அதிலும் எத்தனை பெட்டை? லீஸ்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தந்தம் நீண்ட பெரிய கிடாக்களாகத்தான் இருக்கும், ஏனென்றால் போட்டோவுக்கு அதுதான் நன்றாக இருக்கும். ஒரு கிடா போனால் இன்னொரு கிடா வந்துவிடும், ஈத்து எண்ணிக்கையில் ஒரு குட்டிகூடக் குறையாது. பெட்டை ஆறேழு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடுகிறது, சினைக்காலம் ஏறத்தாழ 115 நாள், ஒரு ஈத்துக்கு ஐந்தாறு குட்டி சாதாரணம். இரண்டு வருடத்தில் மூன்று ஈத்து என்பது இங்கே நடப்பதுதான். நீங்கள் வாரக் கடைசியில் வந்து ஒன்றைச் சுட்டுவிட்டுப் போகிற வேகத்துக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

இதைவிடப் பெரிய சிக்கல், பன்றி பாடம் படிக்கிறது. கூட்டம் என்பது தாய், மகள், பேத்தி என்று பெட்டைகளும் குட்டிகளும் சேர்ந்த ஒரு குடும்பம். வளர்ந்த கிடாக்கள் தனியாகத் திரியும். ஃபீடரடியில் ஒன்று சுருண்டு விழுந்தால், தப்பித்த மற்ற இருபதுக்கும் அந்த இடம், அந்த நேரம், வண்டிச் சத்தம் எல்லாமே ஆபத்து என்று பதிந்துவிடும். அடுத்த வாரம் இரவு இரண்டு மணிக்கு வரும், அல்லது பக்கத்து நிலத்துக்குப் போய்ப் பதினைந்து நாள் கழித்து வரும். நாம் போய்விட்டது என்று சந்தோஷப்படுவோம்.

உங்கள் பெட்டிக் கூண்டிலும் இதே கதைதான். ஆர்வக்கோளாறில் குட்டிகள் முதலில் உள்ளே போயிருக்கும், கம்பியைத் தட்டியிருக்கும், கதவு விழுந்திருக்கும், தாய்ப் பன்றிகள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கும். இனி அந்தக் கூண்டில் என்ன விருந்து வைத்தாலும் அவை கிட்ட வராது. நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். ஆரம்பத்தில் ஒரு கூட்டத்தில் நான்கு குட்டியைப் பிடித்துவிட்டுப் பெருமையாக வீட்டுக்கு வந்தேன், மீதிப் பன்றிகளைப் பிடிக்க ஒன்பது மாதம் ஆனது.

அதனால் ஒரே வழி, முழுக் கூட்டத்தையும் ஒரே இரவில் பிடிப்பது. ஒன்றுகூட வெளியே நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. அதற்குப் பெட்டி போதாது, பட்டி வேண்டும். நம் ஊர் ஆட்டுப்பட்டி மாதிரி, ஆனால் கம்பிவலையில். 16 அடி நீளம், 5 அடி உயரத்தில் கனமான பன்றி வலைப் பேனல் விற்கிறார்கள், வலைக்கண் 4 அங்குலச் சதுரமாக இருக்கட்டும், அதைவிடப் பெரிது என்றால் குட்டி நழுவிவிடும். ஆறு பேனலைப் பக்கவாட்டு ஓரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஒரு அடி ஏறுகிற மாதிரி வட்டமாக வளைத்து, நாலைந்து அடிக்கு ஒரு டி-போஸ்ட் (இரும்பு வேலிக் கம்பம்) அடித்துக் கட்டினால், கதவோடு சேர்த்துக் குறுக்களவு ஏறத்தாழ 30 அடி வரும். மூலை மட்டும் வைத்துவிடாதீர்கள். மிரண்ட பன்றிகள் மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மேலே இருப்பது வெளியே குதித்துவிடும். கதவு குறைந்தது எட்டடி அகலம் இருக்கட்டும், குறுகிய வாசலைப் பார்த்தால் கிழட்டுப் பெட்டைகள் தயங்கும்.

கதவை எதனால் மூடுவது என்பதில்தான் காசை எங்கே போடுகிறீர்கள் என்பது இருக்கிறது. கயிறு தட்டினால் விழுகிற கதவு மலிவு, ஆனால் முதலில் தட்டுவது எப்போதும் குட்டிதான். செல்போன் சிக்னலில் இயங்கும் கேமராவும் கதவும் வைத்தால், ஆஸ்டினில் வீட்டில் உட்கார்ந்து எல்லாம் உள்ளே வந்ததை எண்ணிப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தலாம். சில ஆயிரம் டாலர் ஆகும். நான்கு பேர் பங்கு போட்டால் கட்டுப்படியாகும், பக்கத்து நிலத்துக்காரர்களையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. அவர்களைச் சேர்ப்பது காசுக்காக மட்டும் இல்லை. 140 ஏக்கர் ஒரு கூட்டத்துக்கு ஒரு மூலை மாதிரிதான், அது நாலைந்து பேர் நிலத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும், பக்கத்தில் ஒருவர் சுட்டுக் கலைத்துக்கொண்டே இருந்தால் உங்கள் பட்டியில் ஒன்றும் விழாது. வலை வகைப் பொறிகளும் இருக்கின்றன, பன்றி அடியில் மூக்கை நுழைத்து உள்ளே போகும், திரும்ப வர முடியாது. சிக்னல் இல்லாத இடத்துக்கு அது பரவாயில்லை.

எப்போது தொடங்குவது? ஓக் கொட்டை உதிர்கிற இலையுதிர் காலத்தில் வேண்டாம், காடு முழுக்கச் சாப்பாடு கிடக்கும்போது உங்கள் சோளத்தை யார் மதிப்பார்கள். மான் சீசன் முடிந்து, கொட்டையும் தீர்ந்து, புதுப் புல் இன்னும் தலைகாட்டாத ஜனவரிக் கடைசி, பிப்ரவரிதான் சரியான காலம்.

அதற்கு முன் இடம் பார்க்க வேண்டும். ஓடைக்கரையில் சேற்றுக்குழி இருக்கும், பன்றிக்கு உடம்பைக் குளிர்விக்க வியர்வை கிடையாது, சேறுதான். பக்கத்து மரங்களிலும் வேலிக் கம்பங்களிலும் இரண்டு மூன்றடி உயரத்துக்குச் சேறு தேய்ந்திருக்கும். வேலிக்கு அடியில் நுழையும் இடத்தில் கம்பியில் மயிர் சிக்கியிருக்கும். இந்த வழித்தடங்களை ஒட்டி இரண்டு மூன்று இடத்தில் சோளம் போட்டு, விலங்கு வந்தால் தானாகவே படமெடுக்கும் டிரெயில் கேமரா வையுங்கள். தினமும் வருகிற இடம் எது என்று தெரிந்ததும் அங்கே பட்டியைக் கட்டிக் கதவைத் திறந்தே கட்டிவைத்துவிடுங்கள். உள்ளே சோளம், வெளியே வாசலுக்கு ஒரு கோடு. ஒரு வாரம், இரண்டு வாரம், சில சமயம் மூன்று. படங்களைப் பார்த்து நிறம், அளவு வைத்து ஒவ்வொன்றாக எண்ணி எழுதுங்கள்: கறுப்புப் பெட்டை மூன்று, புள்ளி போட்டது ஒன்று, குட்டி பதினொன்று என்று. எல்லாமே தொடர்ந்து மூன்று நான்கு இரவு உள்ளே போய்ச் சாப்பிட்டால்தான் கதவைத் தொட வேண்டும். பதினைந்தில் பதிமூன்று உள்ளே இருக்கும்போது கை துறுதுறுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டும் பெட்டையாக இருந்தால் அடுத்த வருடமே அதே எண்ணிக்கைக்கு வந்துவிடும்.

சோளத்தை மானும் ரக்கூனும் தின்றுவிடுகிறது என்றால் புளிக்க வையுங்கள். வாளியில் சோளம் போட்டு மூழ்கத் தண்ணீர் ஊற்றி வெயிலில் நாலைந்து நாள் விட்டால், ஊசிப்போன கஞ்சியைப் போல ஒரு வாடை வரும். மான் அதை அவ்வளவாகச் சீண்டாது, பன்றி விடாது.

அப்புறம் உங்கள் ஃபீடர். உண்மையில் வருடம் முழுக்கப் பன்றிக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பது நீங்கள்தான். பட்டி வேலை நடக்கிற காலத்தில் ஃபீடரை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பட்டிக்கு அதுவே போட்டி. திரும்பத் தொடங்கும்போது ஃபீடரைச் சுற்றி 28 அங்குல உயரத்தில் பேனல் வேலி போடுங்கள். மான் தாண்டும், பன்றி தாண்டாது. ரொம்ப உயர்த்தினால் மானும் வருவதைக் குறைத்துக்கொள்ளும்.

லீஸ்காரர்கள் விஷயத்தைக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்கிறேன். மான் சீசன் இல்லாத ஒன்பது பத்து மாதத்தில் அவர்களுக்குப் பொழுதுபோக்கே பன்றிதான், அது முழுசாக ஒழிய வேண்டும் என்று அவர்கள் நினைப்பார்களா என்று யோசியுங்கள். டென்னசி மாநிலம் 1999-இல் பன்றியைக் குறைக்கலாம் என்று மாநிலம் முழுக்க வேட்டையைத் திறந்துவிட்டது. அதற்கப்புறம்தான் அங்கே பன்றி வேகமாகப் பரவியது, அதுவரை இல்லாத இடங்களிலெல்லாம் திட்டுத்திட்டாகக் கிளம்பியது. சுடுவதற்கு வேண்டும் என்று ஆட்களே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டதுதான் முக்கியக் காரணம். 2011-இல் வேட்டை விலங்குப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கன்சாஸ் 2006-லேயே பன்றி வேட்டையைத் தடை செய்து, அரசு ஆட்களை வைத்தே பிடித்து, எண்ணிக்கையை ஏறவிடாமல் வைத்திருக்கிறது. அதனால் அடுத்த லீஸ் ஒப்பந்தத்தில், பட்டி வேலை நடக்கும்போது கூட்டத்தின் மேல் சுடக் கூடாது, தனிக் கிடா மட்டும் சுடலாம் என்று எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.

சட்டம் உங்களுக்குச் சாதகம்தான். தமிழ்நாட்டில் காட்டுப்பன்றி அந்த மண்ணின் விலங்கு, கை வைக்க வனத்துறையைக் கேட்க வேண்டும். இங்கே அது வந்தேறி. 1500-களில் ஸ்பானியர்கள் கொண்டுவந்த வீட்டுப் பன்றி காடேறியதும், 1930-களில் வேட்டைக்காக இறக்கிய ஐரோப்பியக் காட்டுப்பன்றியும் கலந்த வகை. டெக்சாசில் மட்டும் 26 லட்சத்துக்குக் குறையாது என்பது டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக விரிவாக்கத் துறையின் மதிப்பீடு. 2019 செப்டம்பரிலிருந்து தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதி இருந்தால் பன்றி சுட வேட்டை லைசென்ஸே தேவையில்லை. ஆனால் பிடித்ததை உயிரோடு கொண்டுபோய் வேறு இடத்தில் விடுவது குற்றம். பாவம் பார்த்து நான்கு குட்டியை ஓடைக்கு அந்தப் பக்கம் விடலாம் என்று உங்களில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

விஷம் பற்றியும் கேட்பீர்கள். வார்ஃபரின் என்ற, ரத்தத்தை உறையவிடாத மருந்து கலந்த தீனி ஒன்று இருக்கிறது, அதற்கு உரிமம் பெற்ற ஆள், கனமான மூடி போட்ட தனி ஃபீடர் எல்லாம் வேண்டும். ஓடையும் மானும் லீஸ்காரர்களின் நாய்களும் இருக்கிற நிலத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பணம் கொடுத்து ஹெலிகாப்டரில் ஏறிச் சுடுவதற்கும் 2011 முதல் அனுமதி உண்டு, பெரிய திறந்தவெளிக்கு நன்றாகவே வேலை செய்யும், உங்கள் ஓக் மரங்களுக்கு மேலிருந்து ஒன்றும் தெரியாது.

கதவு விழுந்த பிறகு காலை வெளிச்சம் வந்ததுமே முடித்துவிடுங்கள். நன்றாகச் சுடத் தெரிந்த ஒருவர் போதும், கூட்டம் கூடினால் பன்றிகள் வலையில் மோதிக் காயப்படும், வலையும் பிய்யும். அதுவும் ஓர் உயிர், வெயிலில் மணிக்கணக்காக அடைத்துப் போடுவது தேவையில்லாத கொடுமை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். இதைச் செய்ய மனம் ஒப்பவில்லை என்றாலும் தப்பில்லை, டெக்சாஸ் வைல்ட்லைஃப் சர்வீசஸ் என்ற அரசுத் திட்டத்தின் ஆட்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

கறி சாப்பிடலாம், நன்றாகவே இருக்கும், முக்கியமாக இளம் பெட்டை. ஆனால் அறுக்கும்போது ரப்பர் கையுறை கட்டாயம். புரூசெல்லோசிஸ் என்ற பாக்டீரியா நோய் பன்றி ரத்தத்திலிருந்து கைக் கீறல் வழியாக ஏறும், வந்தால் மாதக்கணக்கில் காய்ச்சலும் மூட்டு வலியும் படுத்தும். உள்ளே 160 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறும்வரை வேகட்டும், நம் வீட்டுக் குழம்பில் அது தானாகவே நடந்துவிடும். நாய்க்குப் பச்சைக் கறியோ குடலோ போடாதீர்கள். சூடோரேபீஸ் என்று பன்றிகளிடம் ஒரு வைரஸ் உண்டு, நமக்கு வருவது மிக அபூர்வம், நாய்க்கு வந்தால் பெரும்பாலும் பிழைக்காது.

கூட்டம் போன பிறகும் கேமராவை எடுக்க வேண்டாம். ஒன்றிரண்டு தனிக் கிடாக்கள் எஞ்சியிருக்கும், உடல் சூட்டை வைத்து இருட்டில் காட்டும் தெர்மல் ஸ்கோப்போடு இரவில் காத்திருந்து அவற்றைச் சுட உங்கள் லீஸ்காரர்களை அப்போது தாராளமாகக் கூப்பிடுங்கள். இரவில் சுடுவதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஷெரிஃப் அலுவலகத்துக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டால் வீண் குழப்பம் இருக்காது. ஓடை வழியாகப் புதுக் கூட்டம் எப்படியும் ஒருநாள் வரும். பட்டியைப் பிரிக்காமல் கதவைத் திறந்தபடியே விட்டுவையுங்கள், பெட்டைகளும் குட்டிகளுமாகக் கேமராவில் வந்த அன்றே சோளத்தை ஊறப்போடுங்கள்.