அப்கிரேடுக்குக் கட்டைவிரல் போட்டது யார்?

கேள்வி: அப்பாவுக்கு எழுபது முடிந்த கையோடு, அப்பா, அம்மா, நான், மனைவி நாலு பேரும் சிங்கப்பூரிலிருந்து நாலு இரவு கப்பல் பயணம் போனோம். மதுரையில் ஒரு டிராவல்ஸ் மூலம் பதிவு செய்தோம். இரண்டு பால்கனி கேபின், விமான டிக்கெட் உட்பட 4,12,000 ரூபாய். அம்மாவுக்குத் தலைச்சுற்று உண்டு, அதனால் கப்பலின் நடுவில் லிஃப்ட் பக்கமாக வேண்டும் என்று சொல்லியே பணம் கட்டினேன். ‘எட்டாவது டெக், நட்ட நடு சென்டர், கவலைப்படாதீங்க’ என்று ஏஜென்ட் வாய்ஸ் மெசேஜ் போட்டார். கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது, ‘உங்க ரெண்டு கேபினுக்கும் ஃப்ரீ அப்கிரேடு வந்திருக்கு, ஓகே பண்ணிடவா?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டார். கட்டைவிரல் போட்டேன். போய்ப் பார்த்தால் பன்னிரண்டாவது டெக், கப்பலின் முன்மூக்கு. தலைக்கு மேல் ஜிம். விடியுமுன்னே எடைக்கட்டையைப் போடும் சத்தம். அம்மா மூன்று நாளும் வாந்தி. கப்பல் கம்பெனி மீதும் ஏஜென்ட் மீதும் 15 லட்சம் நஷ்டஈடு கேட்க வேண்டும். போலீஸில் மோசடிப் புகாரும் கொடுக்கலாமா?
– திருமங்கலம் வாசகர்

பதில்: அம்மா பட்ட பாட்டுக்கு வருந்துகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் பஃபேயில் சைவம் இல்லாதது, கவுன்டரில் முகம் கொடுத்துப் பேசாதது, ஏஜென்ட் போனை எடுக்காதது என்று போகும் ஒன்றரைப் பக்கத்தை (இங்கே அச்சிடவில்லை) அப்படியே விட்டுவிடுங்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது கேபின் எண்ணையா, கேபின் வகையையா? வழக்கு நிற்பதும் விழுவதும் இதில்தான். கடிதத்தில் இல்லாததும் இதுதான்.

கப்பலில் உள்ளறை, ஜன்னல் அறை, பால்கனி, சூட் என்று வகைகள் உண்டு. ஒரே பால்கனி வகையை இரண்டு விதமாக விற்பார்கள். டெக் வரைபடத்தைப் பார்த்து எண்ணை நீங்களே தேர்ந்தெடுப்பது ஒன்று. ‘கேரண்டி’ என்பது இன்னொன்று. வகைக்கு மட்டும்தான் உறுதி, எந்த அறை என்பதைக் கம்பெனி பிற்பாடு தன் வசதிப்படி ஒதுக்கும். பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். கேரண்டி என்று பெயர் இருக்கும், இடத்துக்குக் கேரண்டி இருக்காது. பெரும்பாலும் இதுதான் விலை குறைவு.

அப்கிரேடு என்பதும் வகையில்தான் ஏறுகிறது. இடம் கீழே போகலாம். மாட்டுத்தாவணியில் இரவு பஸ் ஏறுகிறவர் பின்சக்கரத்துக்கு மேல் சீட்டு வேண்டாம் என்று சண்டை போடுவது எதற்கோ, கப்பலில் நடுப்பகுதியையும் கீழ் டெக்கையும் கேட்பதும் அதற்குத்தான். அலையில் கப்பல் சீசா பலகைபோல ஏறி இறங்கும்போது நடுவில் ஆட்டம் குறைவு, மூக்கில் அதிகம், மேலே போகப்போக இன்னும் அதிகம். மேல் டெக் முன்பக்க பால்கனியைக் கம்பெனி ஒசந்த வகையாக விற்கும். தலைச்சுற்று உள்ளவருக்கு அது தண்டனை. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் கம்பெனி உங்களுக்குக் குறைவாக எதையும் தரவில்லை. சமமான வகைக்கோ மேல் வகைக்கோ மாற்றலாம் என்று டிக்கெட் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருப்பார்கள். நீங்களும் ஓகே சொல்லியிருக்கிறீர்கள். அந்த விதியே நியாயமற்றது என்று வாதாட வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் பிரித்திருக்கிறது. மாநில ஆணையத்தின் கிளை மதுரையிலேயே இருக்கிறது என்பதற்காக அங்கே போய் உட்கார வேண்டாம்.

ஆக, கம்பெனியை விடுங்கள். ஏஜென்ட்டைப் பிடியுங்கள். அம்மாவின் நிலைமை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நடுப்பகுதி என்று வாயால் சொன்னவரும் அவர்தான். ‘இந்தப் பதிவுக்கு அப்கிரேடு வேண்டாம்’ என்று முதலிலேயே கம்பெனியிடம் குறித்து வைத்திருக்கலாம். தொழிலில் இருப்பவருக்கு இது தெரியும். இப்போது ஒரு வேலை செய்யுங்கள். டிராவல்ஸ் லெட்டர்ஹெட்டில் அடித்துக் கொடுத்த வவுச்சர் எனக்கு வேண்டாம். கப்பல் கம்பெனி அனுப்பிய பதிவு உறுதி மின்னஞ்சலை, ஃபார்வேர்டு அல்லாத முழு நகலாக, எழுத்துமூலம் ஏஜென்ட்டிடம் கேளுங்கள். அதில் எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஜிடிஒய்’ (கேரண்டி கேபினுக்கான சுருக்கக் குறி) என்று இருந்து, உங்கள் ரசீதில் இடம் தேர்ந்தெடுத்த கேபினின் விலை போட்டிருந்தால், அவர் மலிவுச் சரக்கை வாங்கி உயர்ந்த விலைக்கு விற்றிருக்கிறார். தலைச்சுற்றைவிட, வாந்தியைவிட இந்த வித்தியாசம்தான் உங்கள் கையில் இருக்கும் கத்தி. கேட்டு நகல் தர மறுத்தாலும் நல்லதுதான், மறுப்பும் ஒரு சாட்சியம்.

சரி, இனி கட்சிக்காரர்கள் விழுகிற குழிக்கு வருகிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் உங்களிடம் கேட்கப்போகும் முதல் கேள்வி வாந்தியைப் பற்றி இருக்காது. ‘இந்தக் கட்டைவிரல் உங்களுடையதுதானே?’ என்பார். அதற்கு உங்களிடம் இருக்கும் ஒரே பதில், புதிய அறையின் டெக்கையும் இடத்தையும் சொல்லாமலே சம்மதம் வாங்கினார்கள் என்பது. ஏஜென்ட்டின் மெசேஜில் புது கேபின் எண் இருந்ததா என்று இன்றே பாருங்கள். எண் இருந்திருந்தால், கூகுளில் டெக் வரைபடத்தைப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும் என்று ஆணையத் தலைவரே சொல்வார். எண் இல்லாமல் வெறும் ‘ஃப்ரீ அப்கிரேடு’ என்று மட்டும் இருந்தால், அது தெரியாமல் கொடுத்த சம்மதம் என்று வாதாட இடம் உண்டு.

அடுத்த குழி நீங்களே தோண்டியது. மேலூர்ப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் இதே மாதிரி கப்பல் வழக்கோடு என்னிடம் வந்தார். மனுவில் குடும்பமே நரகம் அனுபவித்ததாக எழுதினோம். ஏஜென்ட் தரப்பு பதிலுரையோடு ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட் வைத்தது. ஆசிரியர் மதுரை விமான நிலையத்தில் இறங்கிய அன்று இரவு 9.40-க்கு அனுப்பியது: ‘சூப்பர் டிரிப்ணே, மனசு நெறஞ்சுச்சு.’ கீழே மூன்று இதயம். மரியாதைக்குப் போட்டேன் சார் என்றார். மரியாதைக்கு என்று ஆணையத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்களும் அம்மாவும் மேல் டெக்கில் நின்று சிரிக்கிற படம் ஃபேஸ்புக்கில் இருந்தால் என்னிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அழித்துவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம், அது எதிர்த்தரப்பின் போனில் ஏற்கெனவே இருக்கும்.

இன்னொன்று கேட்கிறேன். கப்பலில் கெஸ்ட் சர்வீஸ் கவுன்டரில் புகார் எழுதிக் கொடுத்தீர்களா? வாயால் சொன்னது கணக்கில் வராது. கப்பலின் மருத்துவ மையத்துக்கு அம்மாவைக் கூட்டிப் போன ரசீது உண்டா? சமாதானத்துக்கு ஐம்பது, நூறு டாலர் ஆன்போர்டு கிரெடிட் (கப்பலுக்குள்ளேயே செலவழிக்கும் பணம்) கொடுத்திருப்பார்களே, அதை வாங்கிக்கொண்டு எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா? ‘முழுத் தீர்வாக ஏற்கிறேன்’ என்ற வரி அதில் இருந்தால் கம்பெனி மீதான கதை அங்கேயே முடிந்தது. ரசீதும் இல்லை, எழுத்துப் புகாரும் இல்லை என்றால், மூன்று நாள் வாந்திக்கு உங்கள் பிரமாணப் பத்திரம் மட்டும்தான் சாட்சி.

போனை மாற்றாதீர்கள். வாய்ஸ் மெசேஜ் இருக்கும் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, ஃபார்வேர்டு செய்த துண்டோடு வந்து நிற்பவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டேன். மூலப்பதிவு உள்ள போனும், அந்த மின்னணுப் பதிவுக்காக பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றும் சேர்ந்தே இருக்கட்டும்.

வீறாப்பில் வெளிநாட்டுக் கம்பெனியையும் எதிர்மனுதாரராகச் சேர்க்காதீர்கள். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம் என்று நம் சட்டம் சொல்வது உண்மை. ஆனால் நோட்டீஸ் அவர்களிடம் போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஓடும், அதுவரை ஏஜென்ட் நிம்மதியாக இருப்பார். டிக்கெட்டில் அச்சிட்ட வரிக்கு எவ்வளவு பலம் என்று தெரிய வேண்டுமானால் கார்னிவல் எதிர் ஷூட் என்ற வழக்கைப் பாருங்கள். வாஷிங்டன் மாநிலத் தம்பதி, கப்பலில் வழுக்கி விழுந்தவர் மனைவி. புளோரிடாவில்தான் வழக்குப் போட வேண்டும் என்ற டிக்கெட் விதி செல்லும் என்று 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

போலீஸ் புகார் வேண்டவே வேண்டாம். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இல்லை. கூகுளில் ‘திருட்டு ஏஜென்ட்’ என்று நீங்கள் எழுதியிருக்கும் விமர்சனத்தையும் இன்றே எடுங்கள். அவர் அவதூறு நோட்டீஸ் விட்டால், கொடுக்கிற இடத்தில் இருந்தவர் வாங்குகிற இடத்துக்குப் போய்விடுவீர்கள்.

15 லட்சம் என்பதை மறந்துவிடுங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்காக ஏஜென்ட் பிடித்த டி.சி.எஸ். என்ற வரித் தொகையையும் நஷ்டத்தில் சேர்த்திருக்கிறீர்கள். அது வருமான வரிக் கணக்கில் உங்களுக்கு வரவாகும் பணம், நஷ்டமே இல்லை. விமான டிக்கெட்டும் நீங்கள் பயன்படுத்தியதுதான். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, அதற்காக எல்லாரும் கிளம்பிவிடுகிறார்கள். வக்கீலுக்கு உண்டு. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. எங்கள் சேம்பரில் அந்த வரியை யாரும் சிரிக்காமல் படிப்பதில்லை.

என் யோசனை சமரசம். கேரண்டி விலைக்கும் உங்களிடம் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசம், மருத்துவ ரசீது இருந்தால் அது, அதற்கு மேல் ஒரு 40,000. இதைக் கேட்டு ஒரு வக்கீல் நோட்டீஸ், கம்பெனியின் பதிவு நகல் கைக்கு வந்த பிறகு. அதற்கு முன் அனுப்பினால் உங்கள் கையில் என்ன இல்லை என்பதை அவருக்கு நீங்களே சொல்லிக் கொடுத்ததாகும். பயணம் முடிந்து இரண்டு வருடம் கெடு இருக்கிறது, அவசரமில்லை. நோட்டீஸுக்கு அம்மா பெயரும் மனுதாரராக வரட்டும், பாதிக்கப்பட்டவர் அவர்தான். ஏஜென்ட் உள்ளூர்க்காரர், சித்திரை முடிந்தால் அடுத்த சீசனுக்கு ஆள் பிடிக்க வேண்டியவர். பேச வருவார். ‘அடுத்த டூரில் கழித்துக் கொடுக்கிறேன்’ என்பார், ஒப்புக்கொள்ளாதீர்கள். செக் கொடுத்தாலும் வேண்டாம். பணம் அம்மாவின் வங்கிக் கணக்கில் ஏறி, எஸ்.எம்.எஸ். வந்ததைப் பார்த்த பிறகு சமரசக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். கட்டைவிரல் அனுப்ப வேண்டாம்.