கட்டடம் கைமாறியதும் காலி செய்யச் சொன்னால் வாடகைக் குடும்பங்கள் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த பகுதியில், எட்டுக் குடித்தனங்கள் உள்ள கட்டடத்தில் பல ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறோம். அண்மையில் கட்டடம் விற்கப்பட்டுவிட்டது. பழைய ஏற்பாடு தம்மைக் கட்டுப்படுத்தாது, புதுப்பிப்பு வேலை தொடங்கப்போகிறது, இரண்டு மாதத்தில் காலி செய்தால் ஒரு தொகை தருகிறேன் என்கிறார் புதிய உரிமையாளர். எங்களிடம் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இல்லை. தெருவில் பலர் ஏற்கெனவே போய்விட்டார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு நாங்களும் போய்விடலாமா?

பதில்: இப்போதைக்குப் போகாதீர்கள், எந்தத் தாளிலும் கையெழுத்திடவும் வேண்டாம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்றாலும், வாடகைச் சட்டம் உள்ள பெரும்பாலான இடங்களில் குடியிருப்பவரை வெளியேற்ற, உரிய கால அவகாசத்துடன் கூடிய நோட்டீஸும், அதற்கும் இணங்காவிட்டால் நீதிமன்றத்தின் அல்லது தீர்ப்பாயத்தின் உத்தரவும் தேவை. வாசலில் வந்து நின்று சொல்வது உத்தரவு ஆகாது. உங்களுடையதைப் போன்ற பகுதிகளில் பல குடும்பங்கள் வழக்கு என்ற ஒன்று தொடங்குவதற்கு முன்பே, அச்சத்தினால் தனித்தனியாகக் கிளம்பிவிடுகின்றன என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

கட்டடம் விற்கப்பட்டதாலேயே வாடகை உறவு முறிந்துவிடும் என்பதைச் சரிபார்க்காமல் நம்பாதீர்கள். ஜெர்மனியின் சிவில் சட்டம், வாங்குபவர் பழைய உரிமையாளரின் இடத்தில் நின்று அதே வாடகை ஒப்பந்தத்தைத் தொடர வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. வேறு பல நாடுகளிலும் இதையொத்த விதி உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதது மட்டுமே உங்களை உரிமையற்றவர்கள் ஆக்கிவிடாது. வாடகை ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம், அந்த முகவரிக்கு வந்த மின்கட்டண ரசீது, பிள்ளைகளின் பள்ளி ஆவணங்கள், பழைய உரிமையாளர் அனுப்பிய குறுஞ்செய்திகள் ஆகியவற்றைத் தேதி வரிசைப்படி ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். இனி வாடகையை வங்கி வழியாகவே செலுத்துங்கள். புதிய உரிமையாளர் வாங்க மறுத்தால், செலுத்த முயன்றதற்கான சான்றை வைத்துக்கொண்டு, அதை முறைப்படி எங்கே வைப்புச் செய்வது என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். உங்களை வெளியேற்ற அவருக்குக் கிடைக்கக்கூடிய மிக எளிய காரணம் வாடகை பாக்கிதான்.

அவர் ஏன் பணம் தர முன்வருகிறார் என்பதைப் புரிந்துகொள்வது பேரம் பேச உதவும். லண்டனின் தொழிலாளர் குடியிருப்புகளை நடுத்தர வர்க்கத்தினர் ஒவ்வொன்றாகக் கைப்பற்றுவதைச் சமூகவியலாளர் ரூத் கிளாஸ் 1964இல் பதிவு செய்தார். இது ஏன் நடக்கிறது என்பதற்குப் புவியியலாளர் நீல் ஸ்மித் 1979இல் தந்த விளக்கம் இன்றும் பொருந்துகிறது: ஓர் இடம் இப்போது ஈட்டும் வாடகைக்கும், சீரமைத்து வேறொருவருக்கு விட்டால் ஈட்டக்கூடிய வாடகைக்கும் இடையிலான இடைவெளி பெரிதாகும்போது முதலீடு அங்கே பாய்கிறது. உங்கள் உரிமையாளர் விலை கொடுத்து வாங்கியிருப்பது அந்த இடைவெளியைத்தான். நீங்கள் விரைவாக, வழக்கில்லாமல் வெளியேறுவதால் அவருக்கு மிச்சமாவது அவர் காட்டும் தொகையைவிடப் பெரும்பாலும் அதிகம்.

ஆகவே அந்தத் தொகையை மொத்தமாகப் பார்த்து மயங்காமல் கணக்குப் போடுங்கள். வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரக்கூடிய தொலைவில் இதே அளவு வீட்டுக்கு இன்று என்ன வாடகை என்று விசாரித்து, இப்போதைய வாடகையோடு உள்ள வேறுபாட்டை 24 அல்லது 36 மாதங்களால் பெருக்குங்கள். புதிய முன்பணம், சாமான் ஏற்றிச் செல்லும் செலவு, கூடுதல் பயணச் செலவு ஆகியவற்றையும் சேருங்கள். அதற்குக் கீழே உள்ள தொகை உங்களுக்கு இழப்பு. அவர் நீட்டும் தாளில் ‘என் சொந்த விருப்பத்தின் பேரில் காலி செய்கிறேன்’, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கையெழுத்திட்ட பிறகு இந்த இரண்டையும் மீறி எதையும் கேட்பது மிகக் கடினம்.

புதுப்பிப்பைக் காரணம் காட்டினால், அனுமதி ஆணையின் நகலை எழுத்தில் கேளுங்கள். வேலை முடிந்ததும் இதே வாடகைக்குத் திரும்பி வர ஒப்பந்தம் எழுதித் தருவாரா என்றும் கேளுங்கள். அவருடைய நோக்கம் பழுதுபார்ப்பதா, ஆளை மாற்றுவதா என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டித்தால் தேதியுடன் படம் எடுத்து அன்றே புகார் கொடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எட்டுக் குடித்தனங்களும் ஒன்றாகப் பேசுவது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனித் தொகை சொல்லப்படுவது, முதலில் இணங்குபவரை வைத்து மற்றவர்களை அவசரப்படுத்தத்தான். எட்டுப் பேரும் கையெழுத்திட்ட ஒரே கடிதத்தை அனுப்புங்கள். ஒரே வழக்கறிஞரை அமர்த்துங்கள். இலவச சட்ட உதவி கிடைக்குமானால் தயங்காதீர்கள். வெளியேற்ற வழக்கைச் சந்திக்கும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வழக்கறிஞர் பெறும் உரிமையை நியூயார்க் நகரம் 2017இல் சட்டமாக்கியது. தொடக்க ஆண்டுகளில், அவ்வாறு நீதிமன்றத்தில் வழக்கறிஞர் கிடைத்த குடும்பங்களில் 84 சதவீதம் தங்கள் வீட்டிலேயே நீடித்தன. விற்பனை நடக்கும்போது குடியிருப்போருக்கே முதலில் வாங்கும் வாய்ப்பைத் தரும் சட்டம் வாஷிங்டன் நகரில் 1980இல் வந்தது; பின்னர் அதில் விலக்குகள் சேர்ந்தன. உங்கள் ஊரில் அத்தகைய விதி உண்டா என்று விசாரியுங்கள்.

அரசு ஏதேனும் அறிவிக்கும் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம். ஜெர்மனியில் தனி மாநிலமாகவும் இருக்கும் பெர்லின் நகரம் 2020இல் கொண்டுவந்த வாடகை உச்சவரம்பை, அதை இயற்றும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை என்று 2021இல் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாததாக்கியது. குறைத்துச் செலுத்திவந்த பலர் வேறுபாட்டைத் திருப்பிக் கட்ட நேர்ந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்து, போவதே மேல் என்று நீங்களாக முடிவெடுத்தால் அதில் தவறில்லை. அப்போது முழுத் தொகையும் முன்பணமும் கணக்கில் வந்து சேர்ந்த பிறகே சாவியைக் கொடுங்கள். காலியான அறைகளையும் மின்மானி அளவையும் படம் எடுத்து, சாவியைப் பெற்றுக்கொண்டதற்கு அவரிடம் தேதியிட்ட கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.