கமராவைக் கண்டால் எழுந்து போய்விடும் முதிய பாடகரை ஆவணப்படமாக எடுக்க முடியுமா?

கேட்டவர் தன் ஊரிலுள்ள பழைய பொப்பிசைப் (தமிழ் ‘பாப்’ பாட்டு) பாடகர் ஒருவரைப் படமாக்க நினைக்கிறார். அவரோ கமராப் பையைக் கண்டதுமே உள்ளே போய்விடுகிறாராம். முடியும். ஆனால் அவர் முகத்தைத் துரத்துவதை முதலில் விடுங்கள்.

நான் திருகோணமலையில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன். ஆவணப்படம் என்று ஒன்றே ஒன்றுதான் எடுத்திருக்கிறேன், 27 நிமிடம். என் பேச்சுக்கு அந்த அளவு மதிப்பே கொடுங்கள்.

1970களில் பொப்பிசை எங்கள் ஊரையும் ஆட்டிவைத்தது. ஏ. ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள். எங்கள் ஊரின் பரமேஸ் – கோணேஸ் சகோதரர்களைப் பழைய வானொலி நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இவர்களுக்குக் கீழே, இசைத்தட்டே வெளிவராமல், கானிவேலிலும் கல்யாண வீட்டிலும் கிட்டாரோடு பாடிய ஒரு கூட்டம் இருந்தது. என் மாமா அந்தக் கூட்டத்தில் ஒருவர். நான் எடுத்த படம் அவரைப் பற்றியதுதான். சொந்த மாமா அல்ல. அப்பா அவருடைய குழுவில் பொங்கோ வாசித்தவர்.

உவர்மலையில் அவருடைய வீட்டு விறாந்தையில் முதல் நாள் கமராவை நிறுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்ததும் பாட்டு நின்றது. “தம்பி, பாட்டு வேண்டுமென்றால் பாடுகிறேன். அந்தக் கண்ணை மூடு” என்றார். விளக்கின் மேல் கறுப்பு நாடா ஒட்டிப் பார்த்தேன். அவர் ஏமாறவில்லை. ஒரு கிழமை முழுக்கத் தேநீரும் கடலையும்தான்.

அப்போதுதான் ஸ்கொட் வோக்கரைப் பற்றி ஸ்டீபன் கைஜக் எடுத்த ‘30 செஞ்சுரி மேன்’ ஆவணப்படம் நினைவுக்கு வந்தது. வோக்கர் அமெரிக்கர். 1960களின் நடுவில் இங்கிலாந்தில் ரசிகைகள் மொய்த்த பாடகர். பிறகு மேடையையே விட்டு ஒதுங்கியவர். 1984இல் ஒரு இசைத்தட்டு, அடுத்தது 1995இல், அதற்கடுத்தது 2006இல். இப்படிப்பட்டவரை உட்காரவைத்து வாழ்க்கைக் கதை கேட்டால் என்ன கிடைக்கும்? இயக்குநர் பேட்டியோடு நிற்காமல், அவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்வதை எடுத்தார். ஒருவர் பன்றி இறைச்சித் துண்டைக் கையால் குத்தித் தாளம் எழுப்பும் காட்சி அங்கேதான் வருகிறது. அதோடு, பிரையன் ஈனோ போன்ற இசைக்காரர்களுக்கு வோக்கரின் பாட்டைப் போட்டுக் காட்டி, கேட்கும்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் படம்பிடித்தார். பாடகரின் முகம் வேண்டிய இடத்தில் கேட்பவரின் முகம். எனக்கு வேண்டிய வழி அதுதான்.

மாமாவிடம் ஒலியை மட்டும் கேட்டேன். சட்டையில் குத்தும் சின்ன மைக்குக்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. விசிறியை நிறுத்தச் சொன்னதற்குத்தான் முறைத்தார். வைகாசி வெயில், குற்றம் சொல்ல முடியாது. நாலு பாட்டுப் பதிந்தேன். ஒன்று பைலாவின், அதாவது இலங்கையின் ஆட்டப் பாட்டின், ஆறெட்டுத் தாளத்தில். பிறகு அந்தப் பாட்டுகளோடு ஊரைச் சுற்றினேன். பாலையூற்றில் ஒரு பறங்கிய (ஐரோப்பிய வழிவந்த) அம்மா இரண்டு அடி கேட்டதும் காலால் தாளம் போடத் தொடங்கிவிட்டார். மீன் சந்தையில் ஒருவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “இவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா?” என்று கேட்டார். கோட்டைக்குள் எடுத்த காட்சியில் புள்ளிமான் ஒன்று குறுக்கே வந்து நின்று காதை அசைத்தது. அதை வெட்ட மனம் வரவில்லை.

மாமாவின் பழைய படங்கள் எதுவும் கையில் இல்லை. பாதி இடம்பெயர்வில் போனது, மீதியை 2004 டிசம்பரில் கடல் கொண்டுபோனது. தான் இளமையில் எப்படி இருந்தேன் என்று காட்ட ஒரு துண்டுப்படம் இல்லாதவரிடம், இன்றைய முகத்தை மட்டும் கொடு என்று கேட்டிருக்கிறேன். இது எனக்கு மூன்றாவது கிழமைதான் உறைத்தது.

கைகளை எடுக்க மட்டும் கடைசியில் சம்மதித்தார். இடது கை விரல் நுனிகளில் தழும்பு இன்னும் காய்ந்து கெட்டியாக இருக்கிறது. அவர் கம்பி மாற்றுவதை வெட்டாமல் நாலு நிமிடம் விட்டிருக்கிறேன். நீளம் என்று நண்பர்கள் சொன்னார்கள். சொல்லட்டும். அந்த நாலு நிமிடத்தில்தான் மாமா இருக்கிறார்.

படத்தை அவர் வீட்டிலேயே போட்டோம். அவர் பார்க்க வரவில்லை. விறாந்தையில் இருட்டில் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும் கூப்பிட்டார்.

“இரண்டாவது பாட்டில் சுருதி இறங்கியிருக்கிறது. உன் அப்பா என்றால் அங்கேயே நிறுத்தியிருப்பார். நாளைக்கு வா, திரும்பப் பாடுகிறேன். மைக் மட்டும் போதும்.”